எட்டு நாட் கிழமை

'சர்ச்சைக்குரிய பிரதேசம்' என்னும் தொடர் உலகச் செய்திகளிலே நாள்தோறும் அடிபடுகின்றது. கேட்பவர் காதுக்கு அது நடுநிலை வாய்ந்த சொல்லாகவே தோன்றும். ஒரு காணிக்கு இருவர் உரிமை கோருகின்றனர். வழக்கு இன்னும் தீரவில்லை. தீரும்வரை பக்கஞ்சாராது ஒதுங்கி நிற்பதே முறை என்று அச்சொல் எமக்குப் புத்தி சொல்கின்றது. சர்ச்சை செய்வோர் யாவர், அச்சர்ச்சை நடைபெறும் காலத்தில் அந்நிலத்திலே களை பிடுங்குவோர் யாவர் என்னும் இரு வினாக்களையும் அது எழுப்புவதில்லை. எழுப்பாதிருப்பதே அதன் பயன் என்றுகூடக் கூறலாம்.

புவியியல் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இவ்விரு வினாக்களையும் நினைவூட்டியவள் ஒரு மாணவி. மேற்காசியாவின் தேசப்படத்தைச் சுவரிலே தொங்கவிட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒருநாள், "சேர், மற்ற எல்லையெல்லாம் முழுக் கோடாக் கிடக்கு, இது மட்டும் ஏன் விட்டுவிட்டுக் கிடக்கு?" என்று அவள் கேட்டாள். அது எல்லையன்று, 1949 ஆம் ஆண்டிலே போர் நிறுத்தத்துக்கென வரையப்பட்ட கோடு என்று விளக்கினோம். அவள் அமரவில்லை. "அந்தக் கோட்டிலை ஆக்கள் இருக்கினமோ?" என்று மீண்டும் கேட்டாள்.

பாடநூலில் விடையில்லாத கேள்வி அது. ஆயினும் புவியியல் மாணவர் எவரும் செய்யத்தக்க ஒரு கணக்கு அதனுள் அடங்கியிருக்கின்றது. 1:250,000 என்னும் அளவுத்திட்டத்திலமைந்த படமொன்றில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள கோட்டை வரைந்தால், நிலத்திலே அக்கோடு 250 மீற்றர் அகலத்தை விழுங்கிவிடும். படத்திலே பென்சிலின் கூர் மழுங்கினால், நிலத்திலே ஒருவனுடைய வீடும் கிணறும் ஒலிவ மரமும் காணாமற் போகும். மேசையைச் சுற்றி அமர்ந்து கோடு வரைவோருக்கு இஃது ஒரு சிறு பிழை. கோட்டினடியிலே அகப்பட்டோருக்கோ வாழ்நாள் முழுவதையும் தின்னும் பிழை.

அம்மாணவியின் கேள்விக்கு விடை தேடியபோது நாம் கண்ட ஊர் பத்தீர். யெரூசலேம் நகருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் தூரத்தில், பெத்லகேமுக்கு மேற்கே, ஒரு பள்ளத்தாக்கின் சரிவிலே அது அமைந்துள்ளது. ஐயாயிரத்துக்கு உட்பட்ட பலஸ்தீன மக்களே அங்கு வாழ்கின்றனர். அவ்வூரை நாம் நேரிற் கண்டோமல்லோம். நூல்களும் நீதிமன்றச் செய்திகளும் ஒளிப்படங்களுமே எமக்குக் கண்களாயின. அப்படங்களிலே முதலில் மனதைக் கவர்வன மலைச்சரிவை அடுக்கடுக்காக வெட்டி அமைத்த தோட்டங்களே. சாந்தும் சுண்ணாம்பும் இன்றி, கல்லின்மேற் கல்லை வைத்துக் கட்டிய சுவர்கள் ஒவ்வோர் அடுக்கையும் தாங்கி நிற்கின்றன. மேலடுக்குகளிலே ஒலிவமும் முந்திரிகையும்; ஊற்று நீர் பாயும் கீழடுக்குகளிலே காய்கறி. பத்தீர்க் கத்தரிக்காய்க்கு அப்பகுதிச் சந்தைகளிலே தனிப் பெயருண்டு. இத்தகைய சுவர் ஒருமுறை கட்டியபின் மறந்துவிடத்தக்கதன்று. மாரி மழையிலே கல் சரியும். சரிந்ததை மீண்டும் எடுத்து அடுக்கவேண்டும். தலைமுறை தலைமுறையாக அடுக்கிய கைகளின் உழைப்பே இன்று 'இயற்கைக் காட்சி' என்று போற்றப்படுகின்றது.

ஊரின் நடுவே ஓர் ஊற்று இருக்கின்றது. அதன் நீரைத் தேக்கும் குளம் உரோமர் காலத்தது. அங்கிருந்து வாய்க்கால் வழியாக ஒவ்வொரு தோட்டத்துக்கும் நீர் பாய்கின்றது. இந்நீரைப் பகிர்ந்துகொள்ளும் முறையே எம்மை அவ்வூரின்பால் ஈர்த்தது. பத்தீரிலே எட்டுப் பெருங்குடும்பங்கள் உள்ளன. நாளுக்கு ஒரு குடும்பமாக நீர் முறை சுழன்று வரும். எட்டாம் நாள் முடிந்தபின்னரே முதற் குடும்பத்துக்கு மீண்டும் முறை கிடைக்கும். அதனால் உலகமெங்கும் கிழமைக்கு ஏழு நாளாயிருக்க, பத்தீரிலே எட்டு நாள் என்று அவ்வூரார் வேடிக்கையாகச் சொல்வார்களாம். குளத்து நீரின் ஆழத்தை அடையாளமிட்ட ஒரு கோலினால் அளந்து, அன்றைய முறைகாரர் தமக்குள்ளே பங்கிட்டுக்கொள்வர். காவலரும் இல்லை; மீற்றரும் இல்லை. ஊரார் அனைவரது கண்களும் அந்தக் கோலின்மீது இருந்தன, அதுவே போதுமாயிருந்தது.

பங்குக் கிணற்றிலே முறை வைத்து இறைக்கும் ஊரிலே பிறந்த எமக்கு இதன் அருமையை எவரும் விளக்கவேண்டியதில்லை. முறை தவறினால் பயிர் வாடும். பயிர் வாடினால் அண்ணன் தம்பி உறவு முறியும். முறையைக் காப்பாற்றுவோர் தம் பயிரை மட்டுமல்லாது அயலாருடன் பேசும் உரிமையையும் காப்பாற்றிக்கொள்கின்றனர். எனினும் பத்தீரை ஓர் இலட்சிய பூமியாகக் காட்டுவது எமது நோக்கமன்று. அங்கு நடைபெறுவது குடிவழிப் பங்கீடே. அதனைப் பொதுவுடைமை என மயங்குவது பேதைமை. ஆனால் பற்றாக்குறையான ஒரு பொருளை ஆயுதமின்றிப் பங்கிட மனிதரால் இயலும் என்பதற்கு அது சான்று. 'இந்த மண்ணிலே இரு சாரார் எவ்வாறு வாழ்வது' என்று வல்லரசுகள் மாநாடு கூட்டிக் கலந்துரையாடும் காலத்திலே இச்சான்று சிறிதன்று.

அம்மண்ணின் வரலாறும் ஒருவருக்கே உரியதன்று. உரோமப் பேரரசுக்கெதிராக யூதர் நடத்திய பார் கொக்பாக் கிளர்ச்சி கி.பி. 135 இல் முறியடிக்கப்பட்டபோது, அவர்களது இறுதிக் கோட்டையாக விளங்கிய பேத்தார் இவ்விடத்திலேயே இருந்தது என்பர் ஆராய்ச்சியாளர். அவ்விடிபாட்டுக் குன்றை அரபு மொழி பேசும் பத்தீர் மக்கள் 'கிர்பத் அல்-யஹூத்', அதாவது 'யூதரின் இடிபாடு' என்றே அழைத்து வந்திருக்கின்றனர். தமக்கு முன் அம்மண்ணிலே வாழ்ந்து போராடி மடிந்தவரின் பெயரை அவர்கள் அழித்துவிடவில்லை. ஏட்டுக் கல்வியற்ற உழவர் கூட்டம் தனது பேச்சு வழக்கிலே காத்த இந்நேர்மையை, ஊர்ப் பெயர்களை மாற்றியெழுதும் அரசுகளிடத்தே நாம் காண்பதரிது.

1892 இலே யாபாத் துறைமுகத்தையும் யெரூசலேமையும் இணைத்துப் புகையிரதப் பாதை அமைக்கப்பட்டது. துருக்கியப் பேரரசின் அனுமதியுடன் பிரெஞ்சு மூலதனம் இட்ட பாதை அது. பள்ளத்தாக்கின் அடியிலே, பத்தீரின் தோட்டங்களுக்கிடையே அது ஊடறுத்துச் சென்றது. யாபாவிலிருந்து வரும் வண்டிக்கு யெரூசலேமுக்கு முந்திய கடைசி நிலையமாகப் பத்தீர் விளங்கியது. விடியற் பொழுதிலே பறித்த காய்கறிகளுடன் பெண்கள் வண்டியேறி நகரச் சந்தைக்குச் சென்று வருவர். அந்நிய மூலதனம் தன் இலாபத்துக்காக இட்ட தண்டவாளத்தை அவ்வூர் மக்கள் தம் வாழ்வுக்குரிய வழியாக மாற்றிக்கொண்டனர். அதே தண்டவாளமே பின்னர் அவர்களுக்கு வினையாகவும் ஒருவகையிலே காப்பாகவும் அமைந்தது.

1947 நவம்பர் 29 ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபை பலஸ்தீனத்தைப் பிரிக்கத் தீர்மானித்தது. 1948 மே மாதத்தில் பிரித்தானியர், தாம் மூட்டிய நெருப்பை அணைக்காமலே கப்பலேறினர். போர் மூண்டது. ஏழு இலட்சத்துக்கும் அதிகமான பலஸ்தீனியர் வீடு வாசல் இழந்து அகதிகளாயினர். ஏப்பிரில் 9 ஆம் திகதி தேர் யாசீன் கிராமத்திலே நிகழ்ந்த படுகொலைச் செய்தி ஊரூராகப் பரவி மக்களை நடுங்கச் செய்திருந்தது. அயற் கிராமமான வலஜா ஒக்டோபரிலே வீழ்ந்தது. பத்தீர் மக்களிற் பெரும்பாலோரும் ஊரைவிட்டு ஓடினர். அவர்களைக் கோழைகள் என எவர் கூறுவார்? பிள்ளையைத் தோளிலே சுமந்து ஓடுபவன் கோழையல்லன்.

எஞ்சியோர் ஒரு சிலரே. அவர்களுள் ஒருவர் ஹசன் முஸ்தபா. கல்வியாளர், எழுத்தாளர், வானொலிப் பேச்சாளர். ஊர் வெறுமையாயிற்று என்று எதிரே நிற்கும் படை அறிந்தால் அவ்வூர் அன்றே தொலைந்தது என்பதை அவர் உணர்ந்தார். அவரும் உடனிருந்தோரும் இரவிலே ஆளில்லா வீடுகளிற் புகுந்து விளக்கேற்றினர். பகலிலே வீட்டுக்கு வீடு கொடியிலே துணி காயவிட்டனர். கால்நடைகளை வழக்கம்போல் மேய்ச்சலுக்கு ஓட்டினர். குன்றின் அப்பாலிருந்து தொலைநோக்கியால் நோக்கியோருக்கு ஊர் வழமைபோல் இயங்குவதாகவே தோன்றியது. துப்பாக்கியின் பலத்தாலன்றி, அன்றாட வாழ்வின் தோற்றத்தாலேயே ஓர் ஊர் காக்கப்பட்டது. காயப்போட்ட துணியும் ஓர் அரசியற் பிரகடனமாக முடியும் என்பதை நாம் அறிந்தது இவ்வரலாற்றிலிருந்துதான்.

1949 ஏப்பிரில் 3 ஆம் திகதி ரோட்ஸ் தீவிலே இஸ்ரேலும் யோர்தானும் போர்நிறுத்த உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. புகையிரதப் பாதை முழுவதும் தன் வசம் இருத்தல்வேண்டும் என்பது இஸ்ரேலின் கோரிக்கை. அதற்கேற்பக் கோடு வளைக்கப்பட்டது. வளைந்த கோட்டுக்கு அப்பால் பத்தீரின் விளைநிலங்களிற் கணிசமான பகுதி அகப்பட்டுக்கொண்டது. இவ்விடத்திலேதான் வரலாற்றில் அரிதான ஓர் ஏற்பாடு உருவாயிற்று. புகையிரதத்துக்கு எத்தீங்கும் நேராமற் பத்தீர் மக்கள் பார்த்துக்கொள்ளல் வேண்டும்; அதற்கீடாக, கோட்டுக்கு அப்பாலுள்ள தம் நிலங்களுக்குச் சென்று பயிரிடும் உரிமை அவர்களுக்கு உண்டு. இஸ்ரேலியத் தளபதி மோஷே தயானுடன் ஹசன் முஸ்தபா நேரிற் பேசியே இவ்வுரிமையை வென்றெடுத்தார் என்று அவ்வூரார் கூறுவர். ஓடியவர்களிற் பெரும்பாலோர் திரும்பி வந்தனர். அதன்பின் புகையிரதம் அவ்வூரில் நிற்காமலே ஓடியது. ஆனால் பத்தீர் தன் வாக்கைக் காத்தது. வேலியோ மதிலோ இன்றி, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உழவர் கோட்டைக் கடந்து சென்று பயிரிட்டுத் திரும்பினர்.

ஊர் தப்பியதோடு தம் பணி முடிந்ததென ஹசன் முஸ்தபா ஓய்ந்திருக்கவில்லை. மக்களைத் திரட்டிப் பாதைகளைச் செப்பனிட்டார். பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைய உழைத்தார். ஆசிரியராகிய எம்மவர் இதனை ஊன்றி நோக்குதல் தகும். படித்தவன் முதலிலே வெளியேறுவதும், பாமரன் இறுதிவரை எஞ்சுவதும் போர் நடைபெறும் நாடுகளிலே வழக்கமாகிவிட்ட ஒன்று. அவ்வாறு வெளியேறுவோரைப் பழிப்பது எமது கருத்தன்று. அவரவர் நெருக்கடி அவரவர் அறிவர். ஆயினும் தான் கற்ற மொழியையும் வாதத் திறனையும் ஊரின் பொதுச் சொத்தாக ஆக்கிய ஒருவர் எஞ்சி நின்றமையால் ஓர் ஊர் எஞ்சியது என்பதை எப்படி மறப்பது?

1967 யூனிலே நடைபெற்ற போரில் மேற்குக் கரை முழுவதும் இஸ்ரேலின் ஆட்சிக்குள் வந்தது. அன்று தொடக்கம் 'சர்ச்சைக்குரிய பிரதேசம்' என்ற பெயரும் வந்து சேர்ந்தது. இஸ்ரேலிய அரசுகள் விரும்பிக் கையாளும் பெயர் அது. உலகச் சட்டம் கூறும் பெயர் வேறு. 2004 யூலையிலே சர்வதேச நீதிமன்றம் அதனை 'ஆக்கிரமிக்கப்பட்ட பிரதேசம்' என்றே வரையறுத்தது. இஸ்ரேலின் உயர் நீதிமன்றமே மேற்குக் கரை தொடர்பான வழக்குகளைப் போர்க்கால ஆக்கிரமிப்புச் சட்டத்தின் அடிப்படையில் விசாரித்து வந்துள்ளது. இரு சொற்களுக்குமிடையே உள்ள வேற்றுமை வெறும் இலக்கண வேற்றுமையன்று. 'சர்ச்சை' என்றால் இரு வழக்காளிகள். 'ஆக்கிரமிப்பு' என்றால் ஒருவன் படையுடன் நிற்பவன், மற்றவன் அப்படையின் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருப்பவன். 1990களின் ஒஸ்லோ உடன்படிக்கைகள் மேற்குக் கரையை மூன்று வலயங்களாகப் பிரித்தன. பத்தீரின் நிலத்தில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு, இஸ்ரேலியப் படையின் முழு அதிகாரத்துக்குட்பட்ட 'சீ' வலயமாயிற்று. அங்கு ஒரு கொட்டில் போடுவதற்கும் படையதிகாரியின் அனுமதி வேண்டும்.

2002 முதல் எழுப்பப்பட்ட பிரிவினை மதில் பத்தீரின் பள்ளத்தாக்கு வழியாகவும் செல்லும் எனத் திட்டமிடப்பட்டது. சென்றிருந்தால் அடுக்குத் தோட்டங்கள் பிளவுண்டிருக்கும். ஊர் மக்கள் வழக்குத் தொடுத்தனர். யூதரும் அரபியரும் சேர்ந்தியங்கும் ஒரு சூழலியல் அமைப்பு அவர்களுடன் நின்றது. இஸ்ரேலின் இயற்கை, பூங்காக்கள் அதிகாரசபையே 2012 இல், இம்மதில் அந்நிலத்துக்குப் பெருங்கேடு விளைவிக்கும் என்று கூறியது. 2014 யூனிலே யுனெஸ்கோ நிறுவனம் பத்தீரை உலக மரபுரிமைத் தலமாகவும், அதே வேளையில் ஆபத்துக்குள்ளான தலமாகவும் பட்டியலிட்டது. 2015 ஜனவரியில் மதிற் பணி நிறுத்தி வைக்கப்பட்டது. உழவரின் உறுதியும், கோட்டுக்கு அப்பாலிருந்த நல்லோரின் ஒத்துழைப்பும் ஒருசேர அமைந்தபொழுது மதில் நின்றது. எந்த இனத்தவரானாலும் மக்களும் ஆட்சியாளரும் ஒன்றல்லர் என்னும் உண்மைக்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

மதிலை ஆதரிப்போர் பாதுகாப்பைக் காரணங் காட்டுவர். அக்காரணத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். பேருந்திலே வெடித்த குண்டுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த யெரூசலேம் தாயின் அச்சம் பொய்யன்று. 2023 ஒக்டோபர் 7 ஆம் திகதி இஸ்ரேலியக் குடிமக்கள் கொல்லப்பட்டதும், அதன்பின் காஸாவிலே பல்லாயிரக்கணக்கான பலஸ்தீனியர் கொன்று குவிக்கப்பட்டதும் இரத்தம் தோய்ந்த உண்மைகளே. ஆனால் பாதுகாப்பு எதனால் வரும் என்பதே வினா. மதிலின்றி, படையின்றி, ஒரு வாக்குறுதியையும் அதற்கு ஈடான ஓர் உரிமையையும் நம்பி ஒரு புகையிரதம் பல்லாண்டுகள் பத்திரமாக ஓடிய இடம் பத்தீர். உரிமை மதிக்கப்பட்ட இடத்திலே வாக்குறுதியும் நின்றது. அச்சத்தைச் சுட்டிக்காட்டி நிலத்தைப் பறிப்போர் இவ்வனுபவத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

2024 யூலை 19 ஆம் திகதி சர்வதேச நீதிமன்றம், 1967 முதல் தொடரும் இவ்வாக்கிரமிப்பு சட்டவிரோதமானது என்றும், அது இயன்றளவு விரைவில் முடிவுக்கு வரல்வேண்டும் என்றும் கருத்துரைத்தது. ஒரு மாதங்கூடச் செல்லவில்லை. ஓகஸ்ட் மாதத்திலே, பத்தீரை அண்டி நஹல் ஹெலெட்ஸ் என்னும் புதிய குடியேற்றத்துக்காக ஏறக்குறைய 600 டுனம், அதாவது 60 ஹெக்டெயர் நிலம் ஒதுக்கப்பட்டமை அறிவிக்கப்பட்டது. அது மரபுரிமைத் தலத்தினுள் ஊடுருவுவதாகும் என இஸ்ரேலின் 'இப்போதே சமாதானம்' இயக்கமே கண்டித்தது. யுனெஸ்கோவின் பட்டயமும் நீதிமன்றின் கருத்துரையும் புல்டோசரின் முன்னே தாமாக எழுந்து நிற்கமாட்டா. அவற்றைக் கையிலேந்தி நிற்க மனிதர் வேண்டும். அம்மனிதருக்குப் பின்னால் உலகத்து மனிதர் நிற்கவேண்டும்.

தூரத்திலுள்ள நாம் செய்யக்கூடியது யாது என்று இளைஞர் கேட்கின்றனர். பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் முதலாவதாகச் செய்யவேண்டியது எமது தொழிலுக்குள்ளேயே இருக்கின்றது. சொற்களைச் சரியாகப் பயன்படுத்துதல் வேண்டும். ஆக்கிரமிப்பைச் சர்ச்சை என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பவர், தாம் அறியாமலே கோடு வரைவோரின் பென்சிலைச் சீவிக் கொடுக்கின்றார். தேசப்படத்திலே கோட்டைக் காட்டும் ஒவ்வொரு வேளையிலும் அக்கோட்டின்மேல் வாழ்வோரைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறுவோமாக. அவர்களுக்குப் பெயருண்டு, தோட்டமுண்டு, நீர் முறையுண்டு என்று கூறுவோமாக. அரசுகளின் நாட்காட்டியிலே போரும் போர்நிறுத்தமும் மாறி மாறி வந்தபோதிலும், பத்தீரிலே எட்டு நாட் கிழமை முறை தவறாது சுழன்று வந்திருக்கின்றது. முதற் குடும்பத்தின் தோட்டத்திலே நீர் பாய்ந்துகொண்டிருக்கும்போது எட்டாங் குடும்பம் பொறுத்திருக்கின்றது. தன் நாள் தப்பாமல் வரும் என்பதை அது அறியும்.